விரதம் கடவுளுக்குச் செலுத்தும் கட்டணமா?
கேட்காவ் கிராமத்தில் கிடைத்த பதில்

மும்பையிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில், புனேயைத் தாண்டிய சுமார் ஒரு மணி நேரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனைக் கடக்கும். பெயர் கேட்காவ். வேகவண்டிகள் பலவும் அங்கே நிற்பதில்லை. ஊருக்குப் போகும் நம்மவர்கள் அந்த நேரத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டம் ஓடும். மஞ்சள் பலகையில் எழுதிய பெயரைப் படிக்குமுன் ஸ்டேஷன் போய்விடும்.

நானும் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. கவுண்டரில் உட்கார்ந்து அந்த ஊருக்கு டிக்கெட்டும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அங்கே இறங்கிப் பார்க்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. இறங்க வைத்தது ஒரு கேள்வி.

"உபவாசம் இருந்தேன், ஜெபம் பண்ணினேன். பிறகு ஏன் கடவுள் கேட்கவில்லை?"

இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. சஷ்டி விரதம் இருக்கும் தாய்மாரும், நோன்பு பிடிக்கும் முஸ்லிம் சகோதரர்களும் மனதுக்குள் என்றாவது கேட்டிருக்கக் கூடியதுதான். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் அந்த வழியில் எனக்கு நேர்ந்ததையும், கிடைத்த பதிலையும் எழுதுகிறேன்.

அம்மாவின் அரிசி டப்பா

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. எங்கள் வீட்டில் கோழி கூவும் முன் அம்மா எழுந்துவிடுவார். முகம் கழுவி, வேதப் புத்தகத்தை விரித்து, ஓர் அதிகாரம் வாசிப்பார். பிறகுதான் அடுப்பு. இரவில் குடும்ப ஜெபம் முடியாமல் யாருக்கும் சோறு கிடையாது. எத்தனை தூக்கம் வந்தாலும் தலையில் ஒரு குட்டு வைத்து எழுப்பி, ஒரு பாட்டுப் பாட வைத்துவிடுவார்.

உலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில் போடுவார். அது ஆண்டவருக்கு. மாதக் கடைசியில் சபைக்குப் போகும். அங்கிருந்து விதவைகளுக்கோ விடுதிப் பிள்ளைகளுக்கோ போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தக் கைப்பிடி குறைந்ததில்லை. இந்த வழக்கம் நம் தென்கோடியில் மட்டும் இல்லை. மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ம் ஆண்டிலிருந்து இதேபோல் பிடியரிசி சேர்த்துத் தங்கள் சபைகளைத் தாங்கி வருகிறார்கள்.

லெந்து காலம் வந்தால் அம்மா பகல் முழுவதும் சாப்பிடமாட்டார். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு எண்ணினால் 40 நாள். கத்தோலிக்க மக்கள் இதைத் தவக்காலம் என்பார்கள். ஒருசந்தி, சுத்தபோசனம் என்று அவர்களுக்கு முறைகள் உண்டு. பெயர் வேறு, இயேசு வனாந்தரத்தில் 40 நாள் உபவாசம் இருந்ததை நினைவுகூருவது இரு சாராருக்கும் ஒன்றுதான்.

நான் வேலை கிடைத்து மகாராஷ்டிரத்துக்கு வந்தபின் இந்தப் பழக்கமெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் இரவு டியூட்டி. எழும் நேரமே நிலையில்லை என்றால் ஜெப நேரம் எப்படி நிலைக்கும்?

2022-ம் ஆண்டு லெந்து காலத்தில் அம்மா எங்களோடு புனேயில் இருந்தார். உடம்புக்கு முடியாமல் போயிற்று. டாக்டர்கள் கையை விரித்தார்கள். நான் அன்று முதல் உபவாசம் ஆரம்பித்தேன். பகலில் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. இரவு டியூட்டி முடிந்து வந்து முழங்கால் போட்டேன். இத்தனை வருஷம் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று பிடிவாதமாக இருந்தேன். ஈஸ்டருக்குள் அம்மா எழுந்து நடப்பார் என்று நம்பினேன்.

குருத்தோலை ஞாயிறு வருமுன் அம்மா போய்விட்டார்.

எங்கள் தொழிலில், டியூட்டி முடியும்போது விற்ற டிக்கெட்டுக்கும் பெட்டியில் உள்ள பணத்துக்கும் கணக்கு நேராக வேண்டும். குறைந்தால் கைப்பணத்தைப் போட்டுக் கட்ட வேண்டும். எனக்கு அன்று கணக்கு நேராகவில்லை. நான் கொடுத்தேன், எனக்குச் சரக்கு வரவில்லை. யாரிடம் கேட்பது? ஜெபத்தை நிறுத்தினேன். இரண்டு லெந்து காலம் நான் உபவாசம் இருக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு மனைவியும் பிள்ளையும் போவார்கள். நான் டியூட்டி மாற்றி வாங்கிக்கொள்வேன்.

தவுண்ட் பெரியவர்

தவுண்ட் ஒரு ரயில்வே ஊர். பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. ஒரு செய்தி சேகரிக்கப் போன இடத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். நீராவி என்ஜினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராக ஓய்வு பெற்றவர். டீ வாங்கிக் கொடுத்து ஊரைப் பற்றி விசாரித்தார். கோவிலுக்குப் போகிறாயா என்று கேட்டார். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வார்கள்.

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. "தம்பி, நீ கேக்கிற கேள்விய பக்கத்துல கேட்காவ்ல அடக்கம் ஆகியிருக்கிற ஒரு அம்மா அந்தக் காலத்துலேயே கேட்டுட்டாங்க. அவங்க கதையப் படிச்சியா? ஒரு நாள் போயிட்டு வா" என்றார்.

அவர் சொன்ன அம்மாதான் பண்டித ரமாபாய்.

பட்டினியில் பிறந்த கேள்வி

ரமாபாய் 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி கர்நாடகத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், கங்காமூலா என்னும் காட்டில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக்கூடாது என்று ஊர் சொன்ன காலத்தில் மனைவி லட்சுமிபாய்க்குத் தாமே சொல்லிக்கொடுத்தவர். தாயிடமிருந்து மகள் கற்றார். பாகவதத்தின் 18,000 சுலோகங்கள் ரமாபாய்க்கு மனப்பாடம் என்பார்கள்.

அந்தக் குடும்பம் ஊர் ஊராக, கோவில் கோவிலாக நடந்தது. புராணம் படிப்பது, கிடைத்ததைத் தானம் செய்வது, தீர்த்தங்களில் நீராடுவது, விரதம் இருப்பது — இதுவே வாழ்க்கை. அந்த நடையில் அவர்கள் நம் சென்னை ராஜதானிக்கும் வந்தார்கள். 1874-ம் ஆண்டு வாக்கில் அங்கே பஞ்சம். கையிலிருந்த காசு தீர்ந்தது. பாத்திரம் பண்டங்கள் போயின. இலையையும் காட்டுப் பழத்தையும் தின்று காட்டில் அலைந்தார்கள்.

முதலில் தந்தை போனார். சாகுமுன் மகளை அருகே அழைத்து, உன்னைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டேன், வாழ்நாளெல்லாம் அவருக்கே நீ ஊழியம் செய்ய வேண்டும் என்ற பொருளில் சொன்னாராம். பிறகு தாய். அதன்பின் அக்காள். ரமாபாய்க்கு அப்போது வயது 16. மிஞ்சியவர் அண்ணன் சீனிவாசன் ஒருவர்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது என் கைப் புத்தகம் தாழ்ந்துவிட்டது. நான் நாற்பது நாள்கூட முழுதாக இருக்கவில்லை. இந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் விரதம் இருந்திருக்கிறது. முடிவில் பசியாலேயே செத்திருக்கிறது.

அண்ணனும் தங்கையும் அதன் பிறகும் நடந்தார்கள். விரதங்களையும் உடனே விடவில்லை. வடக்கே ஜீலம் நதிக்கரைக் குளிரில் போர்வை இல்லாமல் மணலில் குழி தோண்டி, மணலையே போர்த்திக்கொண்டு படுத்ததாக ரமாபாய் பின்னாளில் எழுதியிருக்கிறார். இத்தனை செய்தும் கடவுள் ஏன் முகம் காட்டவில்லை என்ற கேள்வி அவருக்குள் வளர்ந்தது. 1878-ம் ஆண்டு கல்கத்தா வந்தபோது அங்கே இருந்த அறிஞர்கள் இவருடைய புலமையைக் கண்டு வியந்து பண்டிதை, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

மதம் மாறியும் மாறாத கேள்வி

1880-ம் ஆண்டு அண்ணனும் இறந்தார். அதே ஆண்டு ஒரு வங்காள வக்கீலை மணந்தார் ரமாபாய். மனோரமா என்ற மகள் பிறந்தாள். 1882-ம் ஆண்டு கணவரும் காலமானார். கைக்குழந்தையோடு 23 வயது விதவை! மகாராஷ்டிரத்துக்குத் திரும்பி, பெண் கல்விக்காகப் பேசினார். பிறகு இங்கிலாந்து போனார். வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிகன் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் தங்கினார். 1883-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி அங்கேயே மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இத்தோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைப்போம். இல்லை.

அந்த மடத்தில் மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் வேலை. ஒழுங்குக்குக் குறைவே இல்லை. ரமாபாயும் மதித்து நடந்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. சைவ உணவை அங்கேயும் விடவில்லை. புரியாத கோட்பாட்டுக்குத் தலையாட்டவில்லை. பெரியவர்கள் கடிந்து கடிதம் எழுத, இவர் பதில் எழுத, அந்தக் கடிதங்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன.

இந்தியா திரும்பி 1889-ம் ஆண்டு மார்ச் மாதம் பம்பாய் சௌபாத்தி அருகே சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் இடம். அடுத்த ஆண்டு பள்ளி பூனாவுக்கு மாறியது. ஊழியம் நடந்தது, புகழும் வந்தது. ஆனால் மனதில் சமாதானம் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டு கழித்து, 1891-ம் ஆண்டு வாக்கில்தான் அவருக்கு ஓர் உண்மை பிடிபட்டது. தாம் கிறிஸ்தவ மதத்தைப் பெற்றிருந்தோமே தவிர, கிறிஸ்துவைப் பெறவில்லை என்பதே அது.

இந்து வாசகர்கள் இதைத் தங்கள் விரதங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரமாபாய் தம் தந்தையைக் கடைசிவரை அன்போடும் மதிப்போடும்தான் எழுதினார். விரதத்தில் தேடியபோது கேட்ட அதே கேள்வியை, மடத்து மணியோசையிலும் அவர் கேட்டார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மதம் மாறியதால் கேள்வி மாறவில்லை. கொடுத்து வாங்கலாம் என்ற எண்ணம் எந்த மதத்தானுக்கும் வரும். எனக்கு வந்தது.

கடவுளுடைய அன்பு விலைக்கு வருவதல்ல, அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவர் உணர்ந்தார். கிறிஸ்தவர்கள் இதைக் கிருபை என்பார்கள். 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் எழுப்பிய சண்டையும் இதைப் பற்றித்தான்.

திறந்திருந்த கதவு

அப்படியானால் ஒரு நியாயமான கேள்வி எழும். கிருபை இலவசம் என்றால் ஜெபம் எதற்கு? உபவாசம் எதற்கு? பேசாமல் இருந்துவிடலாமே?

ரமாபாய் பேசாமல் இருக்கவில்லை. அந்த உண்மை பிடிபட்ட பிறகுதான் அவருடைய ஜெபம் அதிகமாயிற்று! தினமும் காலையில் தம் அறையில் மகளோடு ஜெபம் செய்வார். கதவைத் திறந்தே வைத்திருப்பார். பள்ளிப் பெண்கள் சிலர் தாமாக வந்து உட்கார்ந்தார்கள். இது வெளியே தெரிந்ததும் பூனாவில் பெரும் புயல். மதம் கற்பிக்கமாட்டோம் என்ற பேச்சை நம்பிப் பெண்களை அனுப்பிய குடும்பங்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. திலகரின் 'கேசரி' கடுமையாக எழுதியது. 1893-ம் ஆண்டு ஆலோசனைக் குழுவில் இருந்த பிரமுகர்கள் விலகினார்கள். பல பெண்களைப் பெற்றோர் அழைத்துப் போய்விட்டார்கள்.

ஜெபம் பண்ணும்போது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று இயேசு மலைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். பிறர் பார்க்கப் பெருமைக்காகச் செய்யாதே என்பது அதன் கருத்து. ரமாபாய் கதவைத் திறந்து வைத்ததில் பெருமை இருந்ததா? அந்தத் திறந்த கதவால் அவருக்குக் கிடைத்தது நஷ்டம்தான். அவர் செய்தது சரியா, கொடுத்த வாக்குக்குப் பொருத்தமா என்று இன்றும் இரண்டு பக்கமும் பேசலாம். ஆனால் லாபத்துக்காகச் செய்த ஜெபம் அது அல்ல என்பதை இரண்டு பக்கத்தாரும் ஒப்புக்கொள்வார்கள்.

உபவாசத்துக்கு இன்னொரு பொருள்

அதற்குள் கேட்காவில் ரயில் பாதைக்கு அருகே 100 ஏக்கர் அளவில் நிலம் வாங்கியிருந்தார். 1896, 1897-ம் ஆண்டுகளில் மத்திய மாகாணத்தில் கொடிய பஞ்சம். ரமாபாய் அங்கே போனார். எலும்பும் தோலுமாக இருந்த பெண்களைப் பார்த்தபோது தம்முடைய பதினாறாம் வயது நினைவுக்கு வந்ததாம். நூற்றுக்கணக்கானவர்களை அழைத்து வந்தார். அவர்களைத் தங்கவைக்கப் பிறந்ததுதான் முக்தி சதன். 1900-ம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் அங்கே இருந்தவர்கள் தொகை 2,000-ஐ நெருங்கியது. கிணறு வெட்டினார்கள். பயிர் செய்தார்கள். நெசவு, எண்ணெய்ச் செக்கு, அச்சுக்கூடம் என்று தொழில்கள் நடந்தன. பார்வையற்றவர்களுக்கு ஒரு பகுதி. ஏமாற்றப்பட்டுக் கைவிடப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதன் என்று ஒரு பகுதி.

வேதத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம், 58-வது அதிகாரம், உபவாசத்தைப் பற்றியதுதான். நாங்கள் பட்டினி கிடந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கடவுளைக் கேட்கிறார்கள். பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதும், ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதும்தான் நான் விரும்பும் உபவாசம் என்ற கருத்தில் பதில் வருகிறது. அம்மாவுக்காக முழங்கால் போட்ட நாட்களில் இதை நான் நாலைந்து தடவை வாசித்திருப்பேன். கண்ணில்தான் பட்டது. பசியால் தாய் தந்தையை இழந்த ஒருத்தி இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்ட இடத்தில் வந்து நின்றபோதுதான் காதில் விழுந்தது.

எழுபது பேர், ஐந்நூறு பேர்

1905-ம் ஆண்டு ஜனவரியில் ரமாபாய் முக்தியில் உள்ளவர்களை அழைத்து, தினமும் கூடி ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். சுமார் 70 பேர் முன்வந்தார்கள். கட்டாயம் கிடையாது. அந்த எழுபது, ஜூன் மாதத்துக்குள் ஏறக்குறைய 550 ஆயிற்று. ஜூன் மாதக் கடைசியில் அங்கே ஏற்பட்ட எழுப்புதல் கிறிஸ்தவ உலகத்தில் பிரசித்தி பெற்றது. பெண்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள்; மணிக்கணக்காக ஜெபித்தார்கள். பிறகு குழுக்களாகச் சுற்று வட்டார கிராமங்களுக்குப் போனார்கள்.

அந்தப் பரவசத்தை எழுதிய புத்தகங்கள் நிறைய உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்திய ஆறு மாதம். ஒன்றும் நடக்காத காலை வேளைகளில், ஜனவரி குளிரிலும் மே மாத வெயிலிலும், வந்து உட்கார்ந்தார்களே, அதுதான்.

அதைவிட நீண்ட இன்னொரு சாதகமும் உண்டு. படிக்காத கிராமப் பெண்ணுக்கும் புரியும்படி வேதத்தை எளிய மராத்தியில் பெயர்க்க வேண்டும் என்று ரமாபாய் விரும்பினார். அதற்காக நடுவயதில் எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். ஏறக்குறைய 17 ஆண்டுகள் தினமும் அந்த வேலை. அச்சுக் கோத்தவர்களும் முக்தியின் பெண்களே.

1921-ம் ஆண்டு ஜூலை மாதம் மகள் மனோரமா இறந்தாள். எல்லாரும் போனபின் மிஞ்சிய ஒரே மகள். தாய்க்கு அப்போது வயது 63, உடம்பும் தளர்ந்துவிட்டது. மகளுக்காக அந்த வளாகம் முழுவதும் ஜெபித்திருக்கும். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை.

ரமாபாய் என்ன செய்தார்? மொழிபெயர்ப்பு மேஜைக்குத் திரும்பிப் போனார். கடைசிப் பக்கம் வரை பார்த்து முடித்தார். 1922-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி காலமானார். முழு வேதாகமமும் 1924-ம் ஆண்டு வெளிவந்தது. இந்திய அரசு 1989-ம் ஆண்டு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

தண்ணீர் பிடிக்கும் இடம்

கேட்காவ் ஸ்டேஷனிலிருந்து முக்தி வளாகம் அதிக தூரமில்லை. இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது வீடாக இருக்கிறது. அங்கே உள்ள பெரிய ஆலயத்தில் ஓரமாகச் சிறிது நேரம் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. மறுபடி எழுந்து வந்துவிட்டேன். ஆனால் எனக்குள் இருந்த கோபம் வந்தபோது இருந்த அளவு திரும்பும்போது இல்லை.

அதே வண்டியில் தவுண்ட் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். "அய்யா, ஒன்று மட்டும் புரியவில்லை. ஜெபமும் உபவாசமும் கடவுளை நம் வழிக்குக் கொண்டுவராது என்றால், அவற்றால் என்னதான் பயன்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நான் நீராவி என்ஜின்ல வேல பாத்தவன். தண்ணி பிடிக்கிறதுக்குன்னே வண்டி நிக்கும். தண்ணி பிடிச்சதால ஊரு கிட்ட வந்துடாது. ஆனா பிடிக்காமப் போனா ஊரு போய்ச் சேரமாட்டே. பாய்லர் வெடிச்சிரும். எனக்கும் ஒரு பையன் இருந்தான் தம்பி. இப்ப இல்ல. அன்னிக்கு ராத்திரி நான் புதுசா ஜெபம் பண்ணக் கத்துக்க முடியுமா? முப்பது வருஷமா பண்ணின பழக்கம் என்னத் தூக்கிட்டுப் போச்சு" என்றார்.

அவருக்கு மகன் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரிப் பாசஞ்சரில் உட்கார்ந்து யோசித்தேன். பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபிக்கப் போன கதையை இயேசு சொன்னார். பரிசேயன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசம் இருப்பவன். அதைக் கணக்குப் போட்டுக் கடவுளிடம் ஒப்பித்தான். ஆயக்காரன் வரி வசூல் குமாஸ்தா. அவனிடம் காட்டக் கணக்கு இல்லை, இரக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டான். நீதிமானாக வீடு திரும்பியவன் அவன்தான். நானும் கவுண்டரில் வசூல் பண்ணும் குமாஸ்தாதான். ஆனால் 2022-ல் நான் பண்ணியது பரிசேயன் ஜெபம்.

எனக்குத் தெரிந்த நாலு வழிகள்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வேத சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆனாலும் டியூட்டிக்கும் குடும்பத்துக்கும் நடுவே அல்லாடும் என்னைப் போன்றவர்களுக்காக, நான் இப்போது கடைப்பிடிப்பதை எழுதுகிறேன். இந்து, முஸ்லிம் நண்பர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கலாம்.

ஒன்று, ஜெபம். நேரம் நிலைக்காவிட்டாலும் இடம் நிலைக்கலாம். எந்த ஷிப்டாக இருந்தாலும் கவுண்டர் திறக்கப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருகிறேன். எதையும் கேட்காமல் சும்மா இருக்கும் நாட்களும் உண்டு.

இரண்டு, வேத வாசிப்பு. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். புரியாவிட்டால் மறுநாளும் அதே அதிகாரம்.

மூன்று, உபவாசம். லெந்து நாட்களில் ஒரு வேளை விடுகிறேன். அந்த வேளைச் சாப்பாட்டுக் காசு தனியாக ஒரு கவரில் விழும். ஈஸ்டரன்று அது பசித்தவர்களுக்குப் போகும். வயிறு காய்ந்தும் யாருக்கும் ஒரு பிடி சோறு போய்ச் சேரவில்லை என்றால், அது வெறும் பட்டினி.

நான்கு, இரவில் கணக்குப் பார்ப்பது. கவுண்டர்க் கணக்கைப் போல அன்றைய நாளையும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது. யாரிடம் சிடுசிடுத்தேன், எந்தக் கிழவிக்குச் சில்லறை இல்லை என்று விரட்டினேன் என்று. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா இதை ஒரு பயிற்சியாகவே வகுத்து வைத்திருக்கிறார். அவருடைய தோழர் பிரான்சிஸ் சேவியர்தான் 1542-ம் ஆண்டு கோவாவில் இறங்கி, நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழிலேயே ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தவர். கணக்கில் குறைவு வந்தால் முன்போல நான் கைப்பணம் போட்டுக் கட்டப் பார்ப்பதில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். மறுநாள் அந்த மனிதர் வந்தால் அவரிடமும் கேட்கிறேன்.

மூடியிருந்த டப்பா

கேட்காவிலிருந்து திரும்பிய அந்த இரவு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. மனைவி மறுநாள் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். அளந்து முடித்து, ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த டப்பாவைத் திறந்து போட்டாள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த அதே டப்பா. அம்மா போனதோடு அதுவும் நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். முக்கால் பாகம் நிறைந்திருந்தது.

"இதை நீ நிறுத்தவே இல்லையா?" என்றேன்.

"இல்லீங்க. மாசா மாசம் விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க வருத்தத்துல இருந்தீங்க. சொன்னா கோபப்படுவீங்கன்னு சொல்லல."

"அம்மா பிழைக்கவில்லையே. பிறகும் எதற்குப் போட்டாய்?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அத்தை சொல்லிக்கொடுத்தது ஆண்டவருக்குக் கொடுக்கத்தானே? அவர்கிட்ட ஏதாவது வாங்கணும்னு அத்தை ஒரு நாளும் சொல்லலையே."

எனக்குப் பதில் இல்லை. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான். தலையில் மெதுவாக ஒரு குட்டு வைத்து எழுப்பினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தது. சோறு ஆறிவிட்டது. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டோம்.